பேப்பர் உரிக்கிற வேலை

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள் சார். நீங்கள் இல்லை, உங்கள் பை. என் மடியில் பெட்ஷீட் சுற்றி இருக்கிறதே, இதன் மூலை எதிலும் இடிபடக் கூடாது. முட்டையா என்று கேட்காதீர்கள். வள்ளியூரில் ஏறினதிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முட்டை உடைந்தால் ஆம்லெட்டாவது போடலாம்.

கண்டக்டர் இதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், பார்த்தீர்களா? மடியில் வைத்திருக்கிற சாமானுக்கு லக்கேஜ். முன்னால் ஒரு அம்மா கூடை நிறையக் கோழியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டால், "அண்ணாச்சி, கோழி சுருண்டு படுத்துக்கிடும். உங்க பலகை மூணடி, சுருளுமா?" என்கிறார். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் என் தொழிலில் எனக்கே பாடம் எடுக்கிறார்கள்.

நீங்கள் உவரிக்கா? நல்லது. நான் அதற்கு முன்னாலேயே திசையன்விளையில் இறங்கிவிடுவேன். அங்கே என் கொழுந்தியாள் இருக்கிறாள், மனைவியின் தங்கை. அவளைப் பார்க்கத்தான். பார்க்க என்றால் விருந்துக்கு இல்லை. உதவி கேட்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், அதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கப் போகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும்.

பெட்ஷீட்டை விலக்கிக் காட்டுகிறேன். தொடாதீர்கள், பார்த்தால் போதும். திராட்சைக் கொடி. அதற்குள்ளே கோதுமைக் கதிர், மேலே இரண்டு புறா. இருநூற்றுப் பதினான்கு ஓட்டை, எண்ணிப் பார்க்கலாம். ஸ்க்ரோல் சா என்று ஒரு மெஷின். தையல் மெஷின் மாதிரி இருக்கும், ஊசி இருக்கிற இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு வாள் மேலும் கீழும் குதிக்கும். டிசைனைக் காகிதத்தில் அச்செடுத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். கோட்டின் மேலேயே வாளை ஓட்ட வேண்டும். ஓட்டினேன். பதினோரு நாள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அந்தப் புறாவின் கால் விரலைப் பாருங்கள், மூன்று மில்லி கூட இருக்காது. இந்த ஜில்லாவில் வேறு எவனாவது வெட்டட்டும், நான் மெஷினை மூட்டை கட்டிவிடுகிறேன்.

அழகாக இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் பார்க்கிறது காகிதம் சார். அடியில் தேக்கு இருக்கிறது. அதைத்தான் யாரும் பார்க்க முடியவில்லை. காகிதம் வரமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலுக்கு ஆயர், பிஷப், வருகிறார். புது மாதா சொரூபத்தை, சிலையைத்தான், அர்ச்சித்துத் திறந்துவைக்கிறார். சொரூபத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியது இது. இன்றைக்கு வியாழன். இதை உரித்து, மெழுகு போட்டு, சனிக்கிழமை இரவுக்குள் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதாவுக்குப் பின்னால் வெறும் சுவர். ஊரே முன்னால் முழங்காலில் நிற்கும், மாதாவைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கும். "பக்ரைன் இன்னாசி செய்த வேலையைப் பாரு" என்று ஒருத்தருக்கொருத்தர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாதா எங்கள் ஊர் பக்தி?

இன்னாசிமுத்து என் பெயர். பக்ரைன் என்பது ஊர்க்காரர்கள் முன்னால் ஒட்டினது. அது மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

பதினேழு வருஷம் அங்கே பெயர்ப்பலகை செய்கிற கம்பெனியில் வெட்டினேன் சார். இங்கே திரும்பி வந்து மெஷினைப் போட்டால், வருகிறவன் எல்லாம் இருதயம் போட்டு நடுவில் இரண்டு பெயர் கேட்கிறான். கலைக்கண் கிடையாது. ஒருத்தன் புதுவீட்டுக்கு மயில் கேட்டான். சரி என்று வெட்டினால், "தோகை இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கணும்" என்கிறான். தோகை எப்படி சார் சிரிக்கும்? இவர்களை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

பக்ரைனில் இந்தக் காகிதத் தகராறே கிடையாது. ரோமெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரன். பலகையைக் காகிதம் ஒட்டி என் மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பான், நான் வெட்டுவேன், அவன் எடுத்துக்கொண்டு போவான். ஒரே இழு. மொத்தக் காகிதமும் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வரும், மரம் பளபளவென்று நிற்கும். அங்கே ஸ்ப்ரே பசை அவ்வளவு தரம். உரிக்கும்போது அடியில் நீலமாக வரும், அதுதான் அந்தப் பசையின் நிறம். இங்கே கிடைக்கிறது வெள்ளையாக இருக்கிறது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு, டூப்ளிகேட்.

இதை நான் அமலியிடம் சொன்னேன். அமலோற்பவம், அந்தக் கொழுந்தியாள்தான். மூன்று வருஷம் என் பட்டறையில் இருந்தாள். அவள் மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்கமாட்டார். சும்மா இருக்கிறாளே, காகிதம் ஒட்டட்டும், உரிக்கட்டும் என்று நான்தான் கூப்பிட்டு வைத்தேன். அந்த நீலப் பசையைப் பற்றிச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்க வேண்டுமா இல்லையா? இவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"அத்தான், அது பசையா இருக்காது. நீல டேப்பா இருக்கும். அந்த ஆளு மரத்துல மொதல்ல டேப்ப ஒட்டி, அது மேல பேப்பர ஒட்டிருப்பாரு."

பாருங்கள். பக்ரைன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பதினேழு வருஷம் பக்கத்து மேஜையில் நின்றவன் நான். எனக்குத் தெரியாமல் ரோமெல் டேப் ஒட்டினானாம், இவளுக்கு இங்கிருந்தே தெரிந்துவிட்டதாம்.

அவள் வேலை எப்படி என்று கேட்கிறீர்களா? வேலை என்ன வேலை. பலகை முழுக்க மாஸ்கிங் டேப்பை, பெயின்டர்கள் ஒட்டி உரிக்கிற காகித டேப், வரிசை வரிசையாக ஒட்டுவாள். அதன் மேல் காகிதம். காகிதத்தின் மேல் பார்சல் கட்டுகிற வழவழ டேப் ஒரு வரிசை. கேட்டால், வாள் சூடாகாமல் வழுக்கிக்கொண்டு போகுமாம், மரம் கருகாதாம். ஒரு பலகைக்கு மூன்று சட்டை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சுற்றமாட்டார்கள். நான் மெஷினில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பேன், இவள் டேப்பை விரலால் தடவித் தடவிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிக்கொண்டிருப்பாள், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. உரிக்கும்போதும் அப்படித்தான். அவசரமே கிடையாது. நுனியைக் கிள்ளி, மரத்தோடு படிய வைத்து, சாய்த்து, மெல்ல இழுப்பாள். ஒரு இலைகூட முறிந்தது கிடையாது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் முறிவதற்கு என்ன இருக்கிறது? வெட்டினது நான் அல்லவா, உறுதியாக இருக்கத்தானே செய்யும்.

போன ஆவணியில் பணகுடியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார்கள். வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை. தேக்கு வினீரில் வேண்டும் என்றார்கள். வினீர் தெரியுமா சார்? பிளைவுட் மேலே காகிதம் கனத்துக்குத் தேக்கை இழைத்து ஒட்டியிருப்பான். பார்வைக்குத் தேக்கு, அடியில் ஏதோ ஒரு மரம். மனுஷர்கள் மாதிரிதான். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். "நாளைக்கே வாங்கிக்கோங்க டாக்டர்" என்றேன். தொழில்காரன் அப்படித்தானே சொல்லுவான்?

மூலையிலிருந்து சத்தம். "அத்தான், வினீர்ல நேரா ஸ்ப்ரே அடிச்சா பேப்பர் வராது. உப்புத்தாளும் போட முடியாது, தேஞ்சு வெள்ளை தெரிஞ்சிரும். நாலு நாள் கேளுங்க."

டாக்டர் முன்னால் சார். வெளியூர் ஆள் முன்னால்.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஏட்டி, பேப்பர் உரிக்கிறவளுக்கு இங்க என்ன பேச்சு? உரிக்கிறத உரி" என்றேன். அவ்வளவுதான். இதில் எந்த வார்த்தை பொய், சொல்லுங்கள். அவள் வேலை காகிதம் உரிக்கிறது. வெங்காயம் உரிக்கிறவளை வெங்காயம் உரிக்கிறவள் என்றால் வழக்குப் போடுவார்களா?

அந்த டாக்டரம்மா இருக்கிறார்களே, அவர்கள் படித்த படிப்புக்கு என்னிடம்தானே மேலே பேச வேண்டும்? எழுந்து நேராக மூலைக்குப் போய், "ஏம்மா, நாலு நாள்னா நல்லா வருமா?" என்று அவளைக் கேட்கிறார்கள்!

அமலி கையில் இருந்த பலகையை உரித்து முடித்தாள். உரித்த டேப்பை எல்லாம் உருட்டிக் குப்பையில் போட்டாள். தூசுக்குப் போட்டுக்கொள்கிற என் பழைய சட்டையைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்தாள். "வாரேன் அத்தான்" என்றாள். வழக்கமாகச் சொல்கிறதுதானே என்று நினைத்தேன். மறுநாள் வரவில்லை. மாதா திருவிழாச் சீசன் சார், பெயர்ப்பலகையும் சிலுவையுமாகக் குவிந்து கிடக்கிறது. அப்போது பார்த்து விட்டுப் போகிறவள் எப்படிப்பட்டவள்? வீட்டில் என் பெண்டாட்டி பிரகாசி அன்றைக்கு ஆரம்பித்த மௌனத்தை இன்னும் முடிக்கவில்லை. பேசுவாள், சாப்பாடு போடுவாள், அந்த மௌனம் மட்டும் பக்கத்திலேயே நிற்கும்.

இரண்டு மாதத்தில் திசையன்விளையில் சொந்தக் கடை. யாரோ கோயம்புத்தூர்க்காரன் விற்ற பழைய மெஷின். வாசலில் மரத்தில் வெட்டின போர்டு: அமலி மர டிசைன். ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். தமிழ் எழுத்து வெட்டுவது லேசு இல்லை சார், சுழி எல்லாம் கழன்று கீழே விழுந்துவிடும். 'அ'வின் சுழி விழாமல் உள்ளே ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்டியிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? நான். வாய் திறந்து சொல்லிக் கொடுக்கவில்லை, சரி. நான் வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தாள் அல்லவா, எனக்குப் பார்வைக் கூலி வர வேண்டும். அந்தப் பணகுடி டாக்டரம்மாவும் அவளிடம்தான் போய்ச் செய்துகொண்டார்கள் என்று கேள்வி. நாலு நாள் காத்திருந்தார்களாம். இருக்கட்டும்.

இப்போது இந்தப் பலகைக்கு வருகிறேன். இதுவும் அதே தேக்கு வினீர்தான். எங்கள் கோயில் பங்குச் சாமியார் ஃபாதர் டெனிஸ் முதலில் இதை அவளிடம்தான் கொண்டுபோயிருக்கிறார். சொந்த ஊர்ப் பங்கில் நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், இவர் பஸ் ஏறி அங்கே போயிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு இப்ப நேரமில்ல ஃபாதர். கொடியும் கதிரும்னா அத்தான் கை மாதிரி வராது. அவருக்கே குடுங்க." ஃபாதரே என்னிடம் சொன்னார். திமிரைப் பார்த்தீர்களா? நேரம் இல்லையாம்! கோயில் வேலைக்கு நேரம் இல்லாத அளவுக்கு அவளுக்கு என்ன வந்துவிட்டது? வேண்டாம் என்று ஒதுக்கின வேலையை எனக்குத் தள்ளிவிடுகிறாள், எச்சில் தட்டைத் தள்ளுகிற மாதிரி. ஆனால் கோயில் வேலை, அதனால் ஏற்றுக்கொண்டேன்.

தள்ளிவிட்டதோடு விட்டாளா? பிரகாசியிடம் மாஸ்கிங் டேப் இரண்டு பெரிய ரோல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். "அத்தான் மறந்துருவாங்க, வினீர்ல நேரா ஒட்ட வேண்டாம்னு சொல்லுக்கா." எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அந்த இரண்டு ரோலையும் என்ன செய்தேன் தெரியுமா? மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடியில் விரிசல் இருந்தது. சுற்றிச் சுற்றி ஒட்டிவிட்டேன். இரண்டு ரோலும் காலி. பிரகாசி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்றுதான் ஒட்டினேன்.

பலகையில் நேராக ஸ்ப்ரே அடித்தேன். டூப்ளிகேட் பசைதானே, தாங்க வேண்டுமே என்று இரண்டு தடவை அடித்தேன். நல்ல கனமாக. ஒட்டினேன். அப்போது பார்க்க வேண்டுமே, ஒரு சுருக்கம் கிடையாது. பதினோரு நாள் வெட்டினேன். தகரக் கூரை, சித்திரை வெயில், பட்டறைக்குள்ளே பரோட்டா போடலாம். பலகையும் என்னோடு சேர்ந்து வெந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி ஓட்டையை முடித்து, மெஷினை அணைத்து, பிரகாசியைக் கூப்பிட்டேன். அவள் பார்க்க வேண்டும் என்று. நுனியைப் பிடித்து இழுத்தேன்.

நுனி மட்டும் வந்தது. அரிசி அளவுக்கு.

பக்ரைனில் ஒரே இழு என்று சொன்னேன் அல்லவா? இங்கே ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு அரிசி. மிச்சக் காகிதம் மரத்தோடு பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கத்தியை வைத்து நெம்பினால் அந்த இலைக் காம்பு முறியும். உப்புத்தாள் போட்டால் வினீர் தேய்ந்து அடி மரம் பல்லை இளிக்கும். பிரகாசி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன். "ஒரு போன் போட்டா முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

போன் போடுகிற ஆளா நான்? செவ்வாய்க்கிழமை முழுக்க மகளுடைய ஹேர் டிரையரை வைத்துச் சூடு காட்டினேன். பசை இளகி, காகிதம் மேல்பாதி மட்டும் கிழிந்து வந்தது, அடிப்பாதி பசையோடு பஞ்சு மாதிரி நின்றது. இதோ இந்த மூலை, சொறி பிடித்த நாய் மாதிரி இருக்கிறதே, அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை தின்னர். வாங்கும்போதே நல்ல காரமானதாகக் கொடு என்று கேட்டு வாங்கினேன். துணியில் நனைத்து ஒரு இலையில் வைத்தேன். காகிதம் அப்படியே இருந்தது. வெட்டு வழியாக தின்னர் உள்ளே போய், வினீர் கொப்புளம் மாதிரி எழும்பிவிட்டது. இதோ பாருங்கள். அம்மை போட்ட மாதிரி. அதோடு பாட்டிலை மூடிவிட்டேன். இரண்டாவது பலகையும் கிடையாது சார், கொச்சியிலிருந்து ஒன்றே ஒன்றுதான் வந்தது. இருந்தாலும் பதினோரு நாளுக்கு எங்கே போவது?

நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரகாசி போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். யார் என்று கேட்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து, "அத்தான், தின்னர் ஊத்திட்டீங்களா?" என்று குரல்.

இது ஒரு கேள்வியா? எட்டு மாதம் கழித்துப் பேசுகிறாள். சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி, ஒன்றும் இல்லை. "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள் சார். வேறு என்ன சொல்ல முடியும்?

இருங்கள், போன் அடிக்கிறது. இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடியுங்கள், விளிம்பை மட்டும்.

"சர்வேஸ்வரனுக்குத் தோத்திரம் ஃபாதர்... ஆமா ஃபாதர்... இல்ல ஃபாதர், எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். வேலை ஓடிக்கிட்டு இருக்கு... அந்தச் சத்தமா? அது மெஷின் சத்தம் ஃபாதர்... ஹாரனா? ரோட்டோரப் பட்டறைல்லா ஃபாதர்... சனிக்கிழமை சாயங்காலம் நானே கொண்டாந்து மாட்டிருதேன்... சரி ஃபாதர்."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.

கொடுங்கள் பலகையை. நன்றி. கையை நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் எங்கே வேலை? இருக்கட்டும், அப்புறம் கேட்கிறேன். எனக்கு இப்போது ஒரு யோசனை. நீங்கள் திசையன்விளையில் ஒரு ஐந்து நிமிஷம் இறங்கி, இதை அவள் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனால் என்ன? யாரோ கொடுத்தார்கள், சனிக்கிழமைக்குள் உரித்து வைக்கச் சொன்னார்கள் என்று சொன்னால் போதும். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். முடியாதா? உவரியில் ஆள் காத்திருக்கிறார்களா? சரி, சரி. ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கொடுத்தாலும் அவளுக்கு வெட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும், இன்னார் கை என்று.

அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். நீங்கள்தான் அமலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கடைக்குள் வருகிறேன். நான் சொல்கிறது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

"ஏட்டி அமலி, இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன். வந்த எடத்துல..."

என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? மூன்றடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த இடத்தில் என்று சொன்னால் நம்பமாட்டாளா? அதுவும் சரிதான்.

"ஏட்டி அமலி, அக்கா ஒன்ன ரொம்பத் தேடுதா. அதான் பாத்துட்டு..."

அதுவும் ஆகாது. அக்காவும் தங்கையும் தினம் ராத்திரி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் இட்லி வேகவில்லை என்றால் திசையன்விளையில் செய்தி. இந்தப் பலகை எந்த பஸ்ஸில் வருகிறது, எந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"ஏட்டி அமலி, மாதாவுக்காகச் செய்." இது எப்படி? மாதாவை இழுத்தால் அவள் மறுக்க முடியாது. ஆனால் மாதாவா காகிதத்தை ஒட்டினாள் என்று கேட்டுவிடுவாள், வாய் அப்படி.

நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்ல வேண்டும்? என்ன? 'அன்றைக்கு டாக்டர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்றா?

ஒரு மணி நேரமாக நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்? நான் சொன்னதில் எது பொய் என்று அப்போதே கேட்டேன், நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். படித்தவர் என்று நம்பிச் சொன்னேன். பிரகாசியும் இதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்களோ?

வந்துவிட்டது போலிருக்கிறது. இதுதான் திசையன்விளை. தள்ளுங்கள், தள்ளுங்கள், நான் முதலில் எழுந்துகொள்கிறேன். அம்மா, கோழிக் கூடையை அந்தப் பக்கம் எடுங்க, கொத்திரும்!

ஐயோ. அங்கே நிற்கிறாள் சார். அந்தப் பச்சைச் சேலை. பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். நான் கடைவரைக்கும் நடந்து போகும்போது ஏதாவது யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். சரி, இறங்குகிறேன்.

சார்! சார், இந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே. கேட்டீர்களா அவள் பேசினதை? டிரைவர் என்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்தார், கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். அவளாகவே பெட்ஷீட்டை விலக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த மூலையைப் பார்த்தாள். கொப்புளத்தைப் பார்த்தாள், விரலால் தொட்டுக்கூடப் பார்த்தாள். "வெட்டு அழகா வந்திருக்கு அத்தான்" என்றாள். அது எனக்குத் தெரியாதா, அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான் "ஏட்டி அமலி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன் சார். சத்தியமாக ஆரம்பித்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "லேசா ஈரம் காட்டி, வெதுவெதுன்னு சூடு காட்டி, விரலால உருட்டி உருட்டித்தான் எடுக்கணும். மிச்சப் பசைய டேப்ப ஒட்டி ஒட்டிப் பிடுங்கணும். ஒரு ஆளால ஆகாது, நீங்களும் உக்காந்து உரிச்சாத்தான் சனிக்கிழமைக்கு முடியும்" என்கிறாள். என்னை சார்! என்னைக் காகிதம் உரிக்கச் சொல்கிறாள், அவள் கடையில், ரோட்டைப் பார்க்கப் போட்டிருக்கிற பெஞ்சில்!

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கையைப் பார்த்துவிட்டு, "மொதல்ல அந்த நகத்த வெட்டுங்க, பட்டா வினீரு பேந்துரும்" என்கிறாள்.

கண்டக்டரே, ஒரு நிமிஷம், விசில் ஊதாதீங்க! சார், உங்கள் சாவிக்கொத்தில் நகவெட்டி தொங்குகிறதே, அதைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்கள். சீக்கிரம் சார், அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.